திரும்பும்போது வாசித்தது

மாலைதீவு
2024 மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மச்சானும் சுகமாக இருக்கிறீர்களா? வயிற்று வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் போடுகிறாயா, இல்லை டப்பாவில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் பேசினால் லயத்தில் வரிசையாக இருக்கிற பத்து வீட்டுக்கும் கேட்கும், கடிதமாக எழுது என்று நீ சொன்னதற்காக எழுதுகிறேன். முத்திரை கேட்டால் கடைக்காரன் என்னை விநோதமாகப் பார்க்கிறான். ஆனால் இதில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

வேலை நல்ல வேலை. ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல். பேண்டில் ஐந்து பேர்: ட்ரம்பெட், பியானோ, பேஸ், ட்ரம்ஸ், அப்புறம் என் கிளாரினெட். மாஸ்டர் திலக், வென்னப்புவைக்காரர். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ் வாசிக்கிறோம். அது என்ன கண்றாவி என்று கேட்பாய். ட்ரம்பெட் பாட்டை நேராகக் கொண்டுபோகும். கிளாரினெட் அதற்கு மேலே, பந்தலில் அவரைக்கொடி ஏறுகிற மாதிரி, தொட்டும் தொடாமலும் சுற்றிக்கொண்டு போகும். எழுதி வைத்ததை வாசிப்பதில்லை. அந்த நேரத்தில் தோன்றியதைத்தான் வாசிக்க வேண்டும். நம் பேண்டு செட்டில் மச்சான் ஒழுங்காகப் பாட்டு வாசிக்கும்போது நான் மேலே கிறுக்குத்தனம் பண்ணித் திட்டு வாங்குவேனே, அந்தக் கிறுக்குத்தனத்தைத்தான் இங்கே கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த இசை அமெரிக்காவில் பிறந்த நாளிலேயே கிளாரினெட் அதில் இருந்ததாம். பிறகு ஒரு காலத்தில் பெரிய பேண்டுகளுக்கெல்லாம் கிளாரினெட்காரன்தான் தலைவனாக நின்றானாம். மச்சானிடம் சொல். சாவுக்கு ஊதுகிற சாமான் என்று இனி ஒருத்தரும் நம்மைக் கேலி பண்ண முடியாது.

பக்கத்து வீட்டு மீனம்மா அக்காவிடம் அவர் மகன் நிரோஷன் நன்றாக இருக்கிறான் என்று சொல். இங்கே சமையலறையில் இருக்கிறான். கொஞ்சம் தொந்தியும் போட்டிருக்கிறது.

உன் தம்பி,
கஜேந்திரன்


மேல் டிவிசன், நோர்வூட்
2024 ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெயிலில் கருத்துப்போயிருப்பாய், அதற்கு மேல் கருக்க இடம் இருந்தால்.

உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் எத்தனை நாள் தவம் கிடந்ததோ தெரியாது. லயத்துக்கு ஏது இலக்கம், ஏது விலாசம்? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றபோது கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “லெட்சுமிக்கு வெளிநாட்டுலேருந்து லவ் லெட்டர் வந்திருக்கு” என்று கொடுத்தார். அன்றைக்கு மலையில் கொழுந்து எடுக்கிற நேரமெல்லாம் அதே பேச்சுத்தான்.

உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கிளாரினெட்காரன் தலைவனாக நின்ற இடத்தை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார். “ம்” என்றார். அவர் ம் சொன்னால் அது பெரிய காரியம், உனக்குத் தெரியும். பிறகு தன் கிளாரினெட் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்துப் பூட்டி, வாசலில் நின்று அவரைக்கொடி மாதிரி ஏற்றிப் பார்த்தார். கொடி பாதியில் அறுந்து விழுந்தது. நான் சிரித்ததில் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

நீ வாசித்து அனுப்பிய பாட்டை அடுத்த வீட்டு ஷாமிலா தன் போனில் போட்டாள். கொசு கத்துகிற மாதிரி இருந்தது. ஒருநாள் நேரில் வந்து வாசித்துக் காட்டு, அப்போது சொல்கிறேன் நல்லதா கெட்டதா என்று. வலி முன்னை மாதிரித்தான். பெரிதாக ஒன்றுமில்லை.

அக்கா,
லெட்சுமி


மாலைதீவு
2024 மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தை ஒழுங்காக எழுது, ‘முன்னை மாதிரி’ என்றால் எந்த முன்னை?

மச்சானுக்கு ஒரு செய்தி. இந்த ஜாஸ் பிறந்த ஊரின் பெயர் நியூ ஓர்லியன்ஸ். அங்கேயும் சாவுக்கு பேண்டு உண்டு, அக்கா! நம்மைப் போலவே தெருவில் நடந்து போகிறார்கள். யாரோ படம் பிடித்ததை மாஸ்டர் போனில் காட்டினார். மயானத்துக்குப் போகும்போது மெதுவாக, கால் இழுத்து இழுத்து வாசிக்கிறார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அதிசயம். நாம் தப்பு மேளத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் திரும்பி வருவோமே. அவர்கள் அப்போதுதான் வேகமாக வாசிக்கத் தொடங்குகிறார்கள். கூட வந்த சனமெல்லாம் குடை பிடித்து ஆடுகிறது. போனவர் கஷ்டம் தீர்ந்து போனார், அதற்குச் சந்தோஷமாம். அந்த இடத்தில் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கிளாரினெட் ஏறிப் போகிறது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது.

இந்த மாதம் நீர்கொழும்பிலிருந்து புதிதாக ஒருவர் பேண்டில் சேர்ந்திருக்கிறார். சாக்ஸபோன். நல்ல மனிதர். அவர் வாசித்தால் கடற்கரை வரைக்கும் கேட்கிறது.

உன் தம்பி,
கஜேந்திரன்


நோர்வூட்
2024 ஜூன் 23

அன்புத் தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

கொழும்புப் பக்கம் போய் வந்தோம், மகரகம பெரிய ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பெயரைச் சொன்னதும் லயத்தில் எல்லார் முகமும் மாறுகிறது, புற்றுநோய்க்காரர் மட்டும்தான் அங்கே போவார்கள் என்பது போல. சும்மா எல்லாம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். மலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பகலில் வீட்டில் இருக்கிறேன்! கொடுத்துவைத்தவள் என்று மீனம்மா பொறாமைப்படுகிறாள்.

உன் சாவு ஊர்வலக் கதையை அவளுக்கும் மச்சானுக்கும் சொன்னேன். மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது ஊதினால் செத்தவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவாராம், தனியாக வராமல் துணைக்கு ஆளையும் தேடுவாராம். வந்தால் என்ன, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

பிறகு மச்சானிடம் தனியாகச் சொன்னேன். “எனக்கு அப்புடித்தான் வாசிக்கணும். போகையில அழுதுக்கிட்டுப் போங்க, பரவால்ல. வரையில ஊதிக்கிட்டு வாங்க.” மனிதருக்கு என்ன கோபம் வந்தது தெரியுமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாதானப்படுத்தினேன். விளையாட்டுக்கு இல்லை, தம்பி. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்னும் எழுது.

அக்கா


மாலைதீவு
2024 ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மகரகமயில் என்ன சொன்னார்கள் என்று மச்சானிடம் போனில் கேட்டேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார். நான் புறப்பட்டு வரட்டுமா?

இன்னும் எழுது என்றாய். கதையின் மிச்சத்தை எழுதுகிறேன். கிளாரினெட்காரன் தலைவனாக நின்ற காலம் அதிக நாள் நிற்கவில்லை. பாட்டின் வேகம் கூடியது, ட்ரம்ஸ் சத்தம் கூடியது. சாக்ஸபோனில் கீழ்ச் சுரத்துக்குப் பிடிக்கிற விரலேதான் மேல் சுரத்துக்கும். கிளாரினெட்டில் மேலே போனால் விரலெல்லாம் மாறிவிடும், வேகத்தில் அது இடறும். குரலும் மெலிசு. அதனால் சாக்ஸபோன் முன்னுக்கு வந்தது. கிளாரினெட்டை யாரும் போகச் சொல்லவில்லையாம். கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். இப்போதும் உலகத்தில் நாலு பேர் நன்றாக வாசிக்கிறார்களாம். ஆனால் ஜாஸ் என்று சொன்னதும் இப்போது யாருக்கும் ஞாபகம் வருவது கிளாரினெட் இல்லை.

இங்கே வெயில் அதிகம். வேறு விசேஷம் இல்லை.

கஜேந்திரன்


நோர்வூட்
2024 ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல ஷாமிலா எழுதுகிறாள். குளிருக்குக் கை நடுங்குகிறது, வேறொன்றுமில்லை. நீ சுகமாக இரு.

வேலையை விட்டுவிட்டு வந்து நிற்காதே. ஒப்பந்தம் முடியாமல் வந்தால் ஹோட்டல்காரரிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்க அலைய வேண்டும் என்று மீனம்மா சொன்னாள். நான் இங்கேதான் இருப்பேன், எங்கே போகப் போகிறேன்?

உன் கிளாரினெட் கதையைக் கேட்டு அழுகை வந்தது. நீ அதை அப்படி முடித்திருக்கக் கூடாது. நாலு பேர் வாசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, ஐந்தாவது ஆளாக நீ இரு. நிற்கச் சொன்ன இடத்தில் நின்று கொடுத்த வேலையைச் செய், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தினம் ஒருதரமாவது அதை எடுத்து ஊது. ஊதாமல் விட்டால் உதடு மறந்துபோகும் என்று உன் மச்சான் சொல்கிறார்.

ஷாமிலாவுக்குக் கை வலிக்கிறதாம். இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா


நோர்வூட்
2024 செப்டெம்பர் 22

மாப்பிள்ளை கஜேந்திரனுக்கு அழகன் எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னதற்கு மேல் பேச என்னால் முடியவில்லை. நீயும் அழுதாய், நானும் அழுதேன், காசு தீர்ந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவள் மூன்று மாதமாகவே தெரிந்துதான் இருந்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். கடைசியில் அதிகம் கஷ்டப்படவில்லை என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். கஷ்டப்பட்டாள்.

பிள்ளை குட்டி இல்லாததால் சடங்கெல்லாம் நான்தான் செய்தேன். போகும்போது பேண்டு செட்டில் கிளாரினெட் இல்லை. முத்துலிங்கத்தின் ட்ரம்மும் தப்பும் மட்டும். மண் போட்டு முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். முத்துலிங்கம் என் பெட்டியை ஏன்தான் கொண்டுவந்திருந்தானோ தெரியாது, பழக்கத்தில் தூக்கி வந்திருப்பான். நான் வாங்கித் திறந்தேன். ஈர வேட்டியோடு நின்று வாசித்தேன்.

திருவிழாக் கும்மிப் பாட்டு. அவளுக்குப் பிடித்தது. முதலில் மெதுவாக வந்தது, பிறகு தானாக வேகம் பிடித்தது. நீ எழுதினாயே, மேலே ஏறுவது, அது அன்றைக்கு வந்தது மாப்பிள்ளை. இத்தனை வருஷம் வராதது அன்றைக்கு வந்தது. பெரியவர்கள் நில்லுடா நில்லுடா என்றார்கள். எல்லாரும் ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் குறுக்கு வழியில் இறங்கி ஓடிவிட்டார்கள். மீனம்மா மட்டும் என்னோடு நடந்து வந்தாள். பயம்தான் அவளுக்கு. ஆனால் லெட்சுமி தன்னிடமும் கேட்டாளே என்று சொல்லி, அழுதுகொண்டே கையைத் தட்டிக்கொண்டு லயம் வரைக்கும் வந்தாள்.

அவள் கேட்டதைச் செய்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அழகன்


மாலைதீவு
2024 அக்டோபர் 15

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? யார் சமைக்கிறார்கள்?

கடிதத்தைக் கடற்கரையில் வைத்து வாசித்தேன். பலமுறை வாசித்தேன். நான் வராதவன், எனக்கு எதுவும் சொல்ல உரிமை இல்லை. ஆனால் நீங்கள் செய்ததுதான் சரி. இந்த ஹோட்டலில் எத்தனை இரவு எத்தனை பேர் ஜாஸ் வாசித்தாலும் அக்காவுக்கு நீங்கள் வாசித்ததுக்குக் கிட்ட வராது. யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செய்தி கேட்ட அன்று இரவு நானும் அவளுக்காக வாசித்தேன்.

கஜேந்திரன்


நோர்வூட்
2024 நவம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

நலமா? இங்கே நலமில்லை.

நிரோஷன் சொல்லியிருப்பான், நானும் என் பங்குக்கு எழுத வேண்டும். மேல் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூடு கலைந்தது. எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மீனம்மா பள்ளத்தில் விழுந்துவிட்டாள். எழும்புவதற்குள் தலை முழுக்க மொய்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போனது. லெட்சுமியின் பக்கத்திலேயே புதைத்திருக்கிறது. என்னை வாசிக்கவும் விடவில்லை, வரவும் விடவில்லை.

குளவி வருஷா வருஷம் கொட்டுகிறது, யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. இந்த முறை குற்றம் சொல்ல ஆள் இருக்கிறது. நான் ஊதியதால் லெட்சுமி திரும்பி வந்தாளாம், கூட நடந்து வந்தவளையே துணைக்குக் கூட்டிப் போனாளாம். மீனம்மாவின் புருஷன் பொன்னையா அண்ணன் என்னோடு எத்தனை வருஷம் ஒன்றாக இருந்தவர். இப்போது குழாயடியில் என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார். கோயில் கமிட்டி, திருவிழாவுக்கு நம் செட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கீழ் டிவிசனில் கலியாணம் பேசியிருந்ததையும் ரத்துப் பண்ணிவிட்டார்கள். முத்துலிங்கம் என்னைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது.

ராத்திரியில் பெண்கள் என் வீட்டு வாசல் பக்கம் வரப் பயப்படுகிறார்கள். லெட்சுமிக்குப் பயந்து, மாப்பிள்ளை! அவளுக்கு! அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்க்கக் கூடப் போனவள் அவள்.

நீ வா. நீ வெளிநாட்டில் அந்த இசையையே வாசிக்கிறவன், நீ சொன்னால் கேட்பார்கள். அப்படி ஒரு ஊர் இருக்கிறது, அங்கே திரும்பும்போதுதான் வாசிப்பார்கள், அதனால் யாரும் சாகவில்லை என்று கோயில் முன்னால் நின்று சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வாசிக்க விட்டால் போதும்.

அழகன்


மாலைதீவு
2024 டிசம்பர் 8

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிரோஷன் தாயின் சாவுக்கு ஊருக்குப் புறப்பட்டபோது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

நான் எந்த இசையையும் வாசிக்கவில்லை, மச்சான். சாக்ஸபோன் வந்த மாதமே என்னை பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் நல்ல விதமாகத்தான் சொன்னார். சாப்பிடுகிறவர்கள் சாக்ஸபோன்தான் கேட்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து குளிக்கிற இடத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் துவாய் கொடுக்கிறேன், ஈரத் துவாயைத் திரும்ப வாங்குகிறேன். அக்காவுக்காக வாசித்தேன் என்று எழுதியதும் பொய். எடுத்தேன், உதட்டில் வைத்தேன், அறையில் இன்னும் மூன்று பேர் தூங்கினார்கள், திரும்ப வைத்துவிட்டேன். ஊருக்கு வந்தால் இதையெல்லாம் அக்கா முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே என்றுதான் அப்போது வராமல் இருந்தேன். ஒப்பந்தம் எல்லாம் சாக்கு.

இப்போது வேலையை விட்டுவிட்டேன். ஜனவரி கடைசியில் வருகிறேன், கிளாரினெட்டோடு வருகிறேன். கோயில் முன்னால் நான் சொல்கிறேன். நான்தான் எழுதினேன், அக்காதான் கேட்டாள், மச்சான் மேல் தப்பில்லை என்று சொல்கிறேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

கஜேந்திரன்


நோர்வூட்
2025 ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. பத்திரமாக வந்து சேர்.

துவாய் கொடுக்கிற விஷயம் எங்களுக்கு ஜூன் மாதமே தெரியும். நிரோஷன் தாயிடம் சொன்னான், மீனம்மா லெட்சுமியிடம் சொன்னாள். உன் கடிதத்தில் ஜாஸ் வரும்வரைக்கும் நீ மனம் உடையவில்லை என்று அர்த்தம், அதனால் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றாள். அதற்காக வருத்தப்படாதே. அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை.

நீ கோயில் முன்னால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அது முடிந்துபோனது. தைப்பொங்கலுக்கு முன் தீர்க்க வேண்டும் என்று கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. தோட்டம் முழுக்க நின்றது. பொன்னையா அண்ணன்தான் கேட்டார். அழுதுகொண்டேதான் கேட்டார்.

“யாரு சொல்லிடா ஊதுன? ஒம் பொஞ்சாதி சொன்னாளா?”

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்துவிட்டேன். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பார்த்தேன். செத்த பிறகு திரும்பி வருவதற்கு அவளே வழி கேட்டு வைத்தாள் என்பார்கள். மீனம்மாவைக் கூட்டிப் போகவே கேட்டாள் என்பார்கள். தோட்டம் இருக்கிறவரைக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்த அவள் பெயரைச் சொல்வார்கள்.

“இல்லண்ணே,” என்றேன். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் குடிச்சிருந்தேன்.”

என் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெண்டாட்டி செத்த அன்றைக்குக் குடித்தான் என்றால் யார் நம்பமாட்டார்கள்? கூட்டமே இளகிவிட்டது. பொன்னையா அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் அந்த ஊதுகிற சாமானை வாயில் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அம்மனுக்கு முன்னால் சூடம் ஏற்றி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினேன். இன்றைக்குக் காலையில் இரண்டு பெண்கள் என் வாசல் வழியாகத் தண்ணீருக்குப் போனார்கள். லெட்சுமியைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் பேசுவதில்லை.

முத்துலிங்கத்துக்குத் திருவிழா திரும்பக் கிடைத்திருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து சாக்ஸபோன்காரன் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறான்.

வரும்போது உன் கிளாரினெட் பெட்டியை ஹட்டனில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வா. சனங்கள் உன்னிடமும் கேட்பார்கள், நீ அவள் தம்பி. அவர் அன்றைக்குக் குடித்திருந்தார் என்று சொல்.

அழகன்